இளைத்தவனுக்கு ஏன் எள்ளு?

என் அண்ணன் மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறான். வயது 23. பொங்கல் நோம்பிக்கு ஊருக்கு வந்திருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், ஒவ்வொருவராக ஆரம்பித்துவிட்டார்கள். "ஏங்கண்ணு, கம்பெனியில சோறே போடறதில்லையா?" "காத்தடிச்சா பறந்துருவ போலிருக்குது." அவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு திண்ணைக்கு வந்து, "அத்தை, நான் நல்லாத்தானுங்க திங்கறேன். ஒடம்பே புடிக்க மாட்டேங்குது. ஒரு பதினஞ்சு கிலோ ஏத்தோணும், எதாச்சும் பவுடர் சொல்லுங்க" என்றான்.

நான் உணவியல் படித்தவள். எடையைக் குறைக்க வழி கேட்டுப் பத்து பேர் வந்தால், ஏற்ற வழி கேட்டு ஒருவர் வருவார். அவரும் கூச்சத்தோடுதான் வருவார். குண்டாக இருப்பவரை முகத்துக்கு நேராகக் கேலி செய்யக்கூடாது என்று இப்போது ஓரளவு எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஒல்லியாக இருப்பவரை மட்டும் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்றுதான் இன்னமும் இருக்கிறது. அன்று திண்ணையில் அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஒல்லி வேறு, எடைக்குறைவு வேறு

முதலில் அவனை ஒரு கணக்குப் போடச் சொன்னேன். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அதால் எடையை வகுக்க வேண்டும். இதற்குப் பெயர் பி.எம்.ஐ. அவன் எடை 51 கிலோ, உயரம் 1.72 மீட்டர். போனில் தட்டினால் 17.2 வந்தது. பெரியவர்களுக்கு 18.5-க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு என்று வைத்திருக்கிறார்கள். ஆக அவன் எடை குறைவுதான், சந்தேகமில்லை. ஆனால் 18.5-ஐத் தொட அவன் உயரத்துக்கு 55 கிலோ இருந்தால் போதும். பதினைந்து கிலோ என்று அவன் மலைத்துக்கொண்டிருந்தது உண்மையில் நாலு கிலோ.

உங்கள் கணக்கு 19, 20 என்று வந்து, சோர்வில்லாமல் வேலையும் செய்ய முடிகிறது என்றால் நீங்கள் ஒல்லிவாகு, அவ்வளவுதான். ஒறம்பரை வாய்க்காக உடம்பு போட வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு இந்த 18.5 பொருந்தாது, அவர்களுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியாக இருக்கிறது, அங்கன்வாடியிலோ குழந்தை மருத்துவரிடமோ பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக் கணக்குக்குப் போவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி. எப்போதுமே ஒல்லியா, இல்லை இப்போதுதான் இளைத்ததா? இரண்டும் ஒன்றில்லை. எந்த முயற்சியும் செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் இருந்த எடையில் இருபதில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 60 கிலோ ஆள் தானாக 57-க்கு வந்திருந்தால், எள்ளுருண்டையைத் தேடக் கூடாது, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் சாயங்காலக் காய்ச்சலும் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை. தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்றால் சர்க்கரை. நன்றாகப் பசித்துச் சாப்பிட்டும் இளைத்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கினால் தைராய்டு. மனச்சோர்வில் சாப்பாடே வேண்டாமென்று போவதும் நோய்தான், அதற்கும் வைத்தியம் உண்டு. சாப்பிட்டால் குண்டாகிவிடுவோம் என்று பயந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் மருத்துவ உதவி வேண்டும். பி.எம்.ஐ. 16-க்கும் கீழே போய்விட்டவர்கள், பல நாள் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் உடம்பில் உப்புகளின் சமநிலை குலைந்து ஆபத்தாகும். அவர்கள் மருத்துவர் பார்வையில்தான் மெல்ல ஏற்ற வேண்டும்.

வெறுங்காலோடு காடு தோட்டத்தில் நடக்கிற ஊர்ப்பக்கம் இன்னொன்றும் உண்டு: கொக்கிப்புழு. ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாகவே உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். வருடத்தில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று இரண்டு நாள் பள்ளிக்கூடங்களிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான்.

என் அண்ணன் மகன் பத்தாவது படிக்கும்போதிருந்தே இப்படித்தான். ரத்தம், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. சரி, அப்போது கணக்குக்கு வரலாம்.

தின்னது எங்கே போகுது?

மூன்று நாள் வாயில் போட்டதை எல்லாம் எழுதி அனுப்பச் சொன்னேன். இதைவிட நல்ல மருந்து என்னிடம் கிடையாது. சனிக்கிழமைக்கு அவன் எழுதியிருந்தது இது: காலையில் நாலு இட்லி, சட்னி. பத்தரைக்கு டீ, ஒரு வடை. மதியம் டிபன் பாக்ஸ் சாதம், ரசம், பொரியல். அப்புறம் டீ. ஒன்றரை ஷிப்ட் என்பதால் ஆறரைக்கு இன்னொரு டீ. ஒன்பதரைக்கு ரூமுக்கு வந்து மூன்று தோசை. எழுதாமல் விட்ட டீயைக் கேட்டு வாங்கியதில் மொத்தம் ஐந்து. எல்லாம் கூட்டினால் 2000 கலோரியைத் தொட்டும் தொடாமலும் வந்தது. நாள் முழுவதும் நின்று வேலை செய்கிற அவன் உடம்புக்குச் செலவும் ஏறக்குறைய அவ்வளவுதான். வரவும் செலவும் சமமாக இருந்தால் சேமிப்பு ஏது?

ஞாயிற்றுக்கிழமை கதை வேறு. காலையில் பரோட்டா, மதியம் பிரியாணியும் பள்ளிபாளையம் சிக்கனும், 2800 தாண்டிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலையில் "பசிக்கலைங்கத்தை" என்று வெறும் டீயோடு ஓடியிருக்கிறான். ஞாயிறு ஏறியதைத் திங்கள் இறக்கிவிட்டது. "நல்லாத்தான் திங்கறேன்" என்று சொல்லும்போது அவன் மனதில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை இலைதான். பொய் சொல்லவில்லை, பாவம். நினைவு அப்படித்தான் வேலை செய்யும்.

அதற்காக எல்லாப் பழியையும் அவன் மேல் போட முடியாது. 1999-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஒரு சோதனை செய்தார்கள். 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் அவரவர் தேவைக்கு மேல் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோ கொழுப்புகூட ஏறவில்லை. இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல் ஏறியது. ஏறாதவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை, அதுதான் வேடிக்கை. அவர் உடம்பு தன்னாலே அதிகம் அசைந்தது. காலை ஆட்டுவது, எழுந்து நடப்பது, நிமிர்ந்து உட்காருவது என்று உடற்பயிற்சி என்ற கணக்கில் வராத சின்ன அசைவுகளிலேயே கூடுதலாக வந்ததில் பெரும்பங்கு தீர்ந்துவிட்டது. சிலர் உடம்பு ஊதாரி, சிலர் உடம்பு கருமி. இது பிறவி வாகு. திண்ணையில் உட்கார்ந்து பேசிய அந்த ஒரு மணி நேரமும் அவனுடைய வலது கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது.

ஊதாரி உடம்புக்கு வரவைக் கூட்டுவதுதான் வழி. ஆனால் எவ்வளவு? ஒரு நாளைக்கு 300 முதல் 500 கலோரி கூடுதல் போதும். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7700 கலோரி. நாள் 400 கூட்டினால் காகிதத்தில் மூன்று வாரத்துக்கு ஒரு கிலோ ஏற வேண்டும். உடம்பு காகிதம் இல்லை, கொஞ்சம் தின்றுவிடும். மாதம் ஒரு கிலோ ஏறினாலே நல்ல வேகம்.

எள்ளும் கொள்ளும்

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். கூடுதலாகச் சாப்பிடு என்றதும் இன்னும் ஒரு கரண்டி சோறு, இன்னும் இரண்டு இட்லி என்று போகிறார்கள். ஒல்லியானவர்களுக்குப் பெரும்பாலும் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும். இரண்டு நாள் முக்கி முக்கிச் சாப்பிட்டு, மூன்றாம் நாள் சாப்பாட்டைக் கண்டாலே ஓடுவார்கள். அளவைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்ட வேண்டும். வயிற்றில் அதே இடத்தை அடைக்கிற பொருளில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்பதுதான் அடர்த்தி. 100 கிராம் தர்பூசணியில் சுமார் 30 கலோரி. 100 கிராம் நிலக்கடலையில் 560.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய். கொள்ளில் எண்ணெய் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும்; மாவுச்சத்தும் புரதமும் 4 தான். எள்ளு ஒரு கை தின்றால் வயிற்றில் இடம் தெரியாது, சக்தி மட்டும் ஏறும். கொள்ளு நார்ச்சத்தோடு வயிற்றை நிறைத்து, பசியைத் தள்ளிப்போடும். கொள்ளு கொழுப்பை உருக்குகிறது என்று சொல்வதெல்லாம் கொஞ்சம் மிகை.

ஆனால் பழமொழியைப் பிடித்துக்கொண்டு ஒல்லியானவர்கள் கொள்ளை ஒதுக்க வேண்டாம். 100 கிராம் கொள்ளில் 22 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, சதைக்கு அதுதான் செங்கல். கொங்கு நாட்டில் கொள்ளுப் பருப்பு கடையாத வீடு உண்டா? கடைந்து சோற்றில் போட்டு, மேலே இரண்டு ஸ்பூன் செக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டால் கொள்ளும் எள்ளும் ஒரே வட்டலில் சேர்ந்துவிடும். கொழுத்தவரும் இளைத்தவரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே பருப்பைச் சாப்பிடலாம். வித்தியாசம் எண்ணெய்க் கிண்ணத்தில்தான்.

நம் ஊர்ப் பண்டங்களை இந்தக் கண்ணோடு பார்த்தால் சில ஆச்சரியங்கள் இருக்கும். பொள்ளாச்சி இளநீர் உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அதில் எடை ஏறாது, பெரும்பகுதி தண்ணீர். அதே காய் முற்றித் தேங்காயானால் 100 கிராமுக்கு 350 கலோரி. கம்பங்கூழ் வெயிலுக்கு அமிர்தம். மோர் ஊற்றிக் கரைத்துச் சொம்பு சொம்பாகக் குடித்தால் வயிறு நிறையும், உடம்பு போடாது. அதே கம்பை உருண்டைச் சோறாக்கித் தேங்காயும் சர்க்கரையும் போட்டுப் பிசைந்தால் அது வேறு சாப்பாடு. இட்லிக்குச் சாம்பார் ஊற்றிக்கொள்வதற்கும் பொடி போட்டு நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்வதற்கும் நாக்குக்குத்தான் கொஞ்சம் வித்தியாசம். கணக்கில் 80 கலோரி கூடும். அரிசியும்பருப்புஞ் சாதம் கிட்டத்தட்ட இதற்கென்றே பிறந்தது: அரிசி, பருப்பு, தாளிக்கிற எண்ணெய், இறக்கிய சூட்டில் ஒரு கரண்டி ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சிய நெய். இடியாப்பம் மாதிரியான சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவதும் அப்படித்தான். நாட்டுச்சர்க்கரை கவுந்தப்பாடியிலிருந்தே வந்தாலும் சர்க்கரைதான், மருந்தில்லை. பாலில் ஒரு ஸ்பூன் போதும்.

அவனுக்கு முதல் மாதம் மூன்றே மூன்று மாற்றம்தான் சொன்னேன். காலை இட்லி தோசைக்குப் பொடியும் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயும். பத்தரை மணி டீக்குப் பதில் ஒரு கை வறுத்த நிலக்கடலை அல்லது எள்ளுருண்டை. படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். மூன்றும் சேர்ந்து 400 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு வாய் சோறு கூடுதலாகத் தின்னச் சொல்லவில்லை. அதனால்தான் அவனுக்கு நம்பிக்கையே வரவில்லை. "இவ்ளோதானுங்களா?" என்றான்.

எள்ளுருண்டைக்கு எங்கம்மா பொறுப்பேற்றுக்கொண்டார். சிவகிரி பக்கமிருந்து வந்த கறுப்பு எள்ளு. அதைக் கழுவி, கல் அரித்து, துணியில் உலர்த்தி, இரும்பு வாணலியில் எண்ணெய் விடாமல் வறுத்தார். படபடவென்று வெடிக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் கசக்கும். வெல்லத்தோடு உரலில் போட்டு இடிக்க இடிக்க, பொடியாக இருந்தது மெல்லக் கறுத்துக் கெட்டியாகி, உருட்டும்போது உள்ளங்கையெல்லாம் எண்ணெய் பளபளக்கும். அந்த எண்ணெய்தான் சமாச்சாரம். முழு எள்ளை மெல்லாமல் விழுங்கினால் ஒரு பகுதி அப்படியே வெளியே போய்விடும். இடித்தால்தான் உடம்பில் ஒட்டும். கடைகளில் கிடைக்கிற, முழு எள்ளைப் பாகில் ஒட்டிய வில்லைகளை விட இது மேல் என்று நான் சொல்வது எங்கம்மா மேல் உள்ள பாசத்தால் மட்டுமில்லை.

டீ பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து டீயை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் பனியன் கம்பெனியில் யாரும் பிழைக்க முடியாது. சாப்பாட்டுக்கு முக்கால் மணி முன்னும் பின்னும் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். முன்னால் குடித்தால் பசி மந்தமாகும். சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. ஒல்லியான பெண்களில் பலருக்கு ரத்தசோகையும் சேர்ந்தே இருப்பதால் அவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும்.

எங்கே ஏறுகிறது என்பதும் முக்கியம்

"அடர்த்திதானே வேணும்? முக்குக்கு முக்கு பேக்கரி இருக்குதுங்களே" என்றான். நியாயமான கேள்விதான். கோவை, திருப்பூர் பக்கம் டீக்கடை என்றாலே பேக்கரிதான். பப்ஸும் தேங்காய் பன்னும் கண்ணாடிக்குள்ளிருந்து கூப்பிடும். அதில் எடை ஏறும், நான் மறுக்கவில்லை. ஆனால் கை கால் குச்சியாகவே இருக்க, தொப்பை மட்டும் வந்து நிற்கும். நம் நாட்டு உடம்புக்கு இந்தச் சாபம் கொஞ்சம் அதிகம். புனே மருத்துவர் யாஜ்னிக், தன்னையும் தன் ஆங்கிலேய நண்பரான இன்னொரு மருத்துவரையும் வைத்து 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடம்பில் 21.2. பி.எம்.ஐ. கணக்குக்கு இருவரும் ஒன்றுதான்.

அதனால் இரண்டாம் மாதத்தில் புரதத்தையும் உடற்பயிற்சியையும் சேர்த்தோம். உடற்பயிற்சி செய்கிறவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேண்டும், அவனுக்குச் சுமார் 60 கிராம். சோறு, இட்லி, பருப்பு, பாலில் முக்கால்வாசி வந்துவிடுகிறது. மீதிக்கு தினம் இரண்டு முட்டை. நாமக்கல் பக்கத்திலேயே இருக்கும்போது அதற்கென்ன பஞ்சம்? சைவமாக இருந்தால் தட்டப்பயறும் பச்சைப்பயறும் தயிரும். ஜிம்முக்குப் போக நேரமில்லை என்பதால் வாரம் மூன்று நாள் ரூமிலேயே தண்டால், பஸ்கி, தண்ணீர்க் கேனைத் தூக்கி இறக்குவது. சதைக்கு வேலை கொடுத்தால்தான் வந்த புரதம் சதைக்குப் போகும். ஓட்டத்தைக் கொஞ்ச நாள் ஒத்திவைக்கலாம், அது செலவுக் கணக்கு. முதல் இரண்டு வாரம் உடம்பு வலிக்கும், பசியும் கூடவே கிளம்பும். அந்தப் பசிதான் நமக்கு வேண்டியது. தூக்கம் ஏழு மணி நேரம். ஒன்றரை ஷிப்டுக்காரனிடம் இதைச் சொல்லும்போது எனக்கே குரல் தாழ்ந்துவிட்டது.

பவுடர் விஷயம். பெயர் தெரியாத டப்பாவில் "பதினைந்து நாளில் ஐந்து கிலோ" என்று விற்பதைத் தொடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால் பசி பிய்த்துக்கொண்டு கிளம்பும், கன்னம் உப்பும், "தேறிட்டான்" என்று ஊரே சொல்லும். அது சதையில்லை, நீரும் கொழுப்பும். சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பசி மாத்திரை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்குவதும் வேண்டாம்; மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து அது. கம்பெனி பெயரும் பொருள் பட்டியலும் உள்ள புரதப் பவுடர் விஷமில்லை, ஆனால் அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போட்டால் நான் ஏன் சிபாரிசு செய்வதில்லை என்று புரியும்.

முதல் வாரமே போன் வந்தது. "அத்தை, ஒன்னேகால் கிலோ ஏறிட்டனுங்க!" எங்கே எடை போட்டாய் என்று கேட்டால், கம்பெனியில் துணி ரோல் எடை போடுகிற எலக்ட்ரானிக் தராசில், மதியம் சாப்பிட்ட கையோடு, ஷூவும் பாக்கெட்டில் போனுமாக. ஒரே நாளில் சாப்பாடும் தண்ணீரும் மட்டுமே ஒன்றிரண்டு கிலோ ஏற்றி இறக்கும். வாரம் ஒரு முறை, காலையில் வெளிக்குப் போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில், ஒரே தராசில் பார்க்க வேண்டும். இரண்டாம் வாரம் அப்படிப் பார்த்தபோது 200 கிராம்தான் ஏறியிருந்தது. ஒரு வாரம் இறங்கக்கூட இறங்கியது. சோர்ந்துபோய் விட்டுவிடுவான் என்று பயந்தேன். மூன்றாம் வாரத்திலிருந்து அவன் ரூமில் இருக்கிற இன்னொரு பையனும் கடலை தின்ன ஆரம்பித்து, இரண்டு பேருக்கும் போட்டியாகிவிட்டது. அதுதான் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து 53.6 கிலோ. பி.எம்.ஐ. 18.1. 18.5-ஐத் தொட இன்னும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பாக்கி. சித்திரையில் ஊர் நோம்பிக்கு வந்தபோது ஒறம்பரை யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். எங்கம்மா மட்டும் அவன் மேல்கையை ஒரு பிடி பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இன்னொரு டப்பா எள்ளுருண்டையை அவன் பையில் வைத்தார். டீ இப்போது நாலு.